‘இணையம் இல்லை’ என்னும் எச்சரிக்கை: மெய்யும் பொய்யும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. கைபேசி என்னும் சிறு கருவி இல்லந்தோறும் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில் இவ்வாக்கு முன்னிலும் பொருள் மிக்கதாய் விளங்குகிறது. வீட்டில் வைஃபை இணைந்திருக்கிறது. ஆயினும் அதன் குறியருகே ஓர் ஆச்சரியக்குறி நிற்கிறது. ‘இணைப்பு உண்டு, இணையம் இல்லை’ என்று கருவி அறிவிக்கிறது. அதே வேளையில் அதே கருவியில் நாளிதழ் திறக்கிறது, பாட்டு ஒலிக்கிறது, ஊரில் இருக்கும் தாயாரின் திருமுகமும் திரையில் தெரிகிறது! அங்ஙனமாயின் அந்த அறிவிப்புக்குப் பொருள்தான் என்ன?

தென்னாட்டை விட்டு வந்து வடபுலத்துக் குடியிருப்புகளில் வாழும் நம்மனோர்க்கு இஃது அற்பச் செய்தியன்று. ஞாயிறுதோறும் பெற்றோரைக் கண்டு பேசுவதும், ஊர்ப் பயணத்திற்கு முன்பதிவு செய்வதும், பேரக் குழந்தையின் புகைப்படத்தைப் பாட்டிக்கு அனுப்புவதும் இக்கருவியாலேயே நடைபெறுகின்றன. பொய்யான ஓர் எச்சரிக்கையை மெய்யென்று நம்பி, நல்ல கருவியைக் குப்பையில் எறிந்தோரும் உளர். மெய்யான எச்சரிக்கையைப் பொய்யென்று தள்ளி இன்னலுற்றோரும் உளர். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாய் எழுதுகோல் பிடிக்கும் நமக்கே இது விளங்கிற்றென்றால், வாசக அன்பர் எவர்க்கும் விளங்கும் என்பதில் ஐயமில்லை.

பழைய கருவியும் புதிய உயிரும்

கைபேசியைச் செய்து விற்கும் நிறுவனங்கள், அதன் இயங்குதளத்தைச் சில ஆண்டுகள் வரையில் புதுப்பித்துத் தருகின்றன, பின்னர் நிறுத்திவிடுகின்றன. கருவியோ இன்னும் கெடாமல் இருக்கிறது. இந்நிலையில், ஆண்ட்ராய்டின் மூல நிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால், கணினி வல்ல தன்னார்வலர்கள் அதனை எடுத்துத் திருத்திப் பழைய கருவிகளுக்கு ஏற்ற புதிய இயங்குதளங்களை ஆக்கி வழங்குகின்றனர். இவற்றையே ‘கஸ்டம் ரோம்’ என்று இளைஞர் வழங்குகின்றனர்.

இவ்வகையில் முதற்பெரும் புகழ் பெற்றது, ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009-இல் தொடங்கிய சயனோஜன்மாட் ஆகும். அதன் வணிக வடிவமான சயனோஜன் ஓ.எஸ். ஏற்றப்பட்ட ஒன்பிளஸ் ஒன், யூ யுரேகா என்னும் இரு கைபேசிகளும் 2014 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமாயின. குறைந்த விலையில் நிறைந்த வசதி தந்தமையால் அவை பல இல்லங்களில் இடம்பெற்றன. ஆனால் 2016 டிசம்பரோடு அம்முயற்சி முடிவுற்றது. அதன் வழித்தோன்றலாக எழுந்ததே லினியேஜ் ஓ.எஸ். அது தன் பதிப்புகளுக்குத் தனி எண் இட்டு வழங்குகிறது: லினியேஜ் 14.1 என்பது ஆண்ட்ராய்டு 7.1, 16 என்பது ஆண்ட்ராய்டு 9, 17.1 என்பது ஆண்ட்ராய்டு 10.

தன்னார்வலர் செய்யும் பணி, அவர் கையை விட்டதும் நின்றுபோகும் இயல்புடையது. ஒரு குறிப்பிட்ட கைபேசிக்கென உழைத்த அன்பர் வேறு பணிக்குச் சென்றுவிட்டால், அக்கைபேசிக்குப் புதிய பதிப்பு வருவதில்லை. கருவி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் அறிவு ஓர் ஆண்டில், ஒரு திங்களில் நின்றுபோயிருக்கும். வெளியுலகமோ நில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது. பொய் எச்சரிக்கைகள் பலவற்றுக்கு இவ்விடைவெளியே பிறப்பிடம்.

கைபேசி அனுப்பும் தூது

இணையம் உண்டா, இல்லையா என்பதைக் கைபேசி எவ்வாறு அறிகிறது? வைஃபை அலையின் வலிமையைக் கொண்டு அன்று. வீட்டுச் சுவரில் உள்ள ரௌட்டர் பெட்டிவரை மட்டுமே அலை செல்லும்; அதற்கப்பால் வெளியுலகுக்கு வழி உண்டா என்பதை அலை கூறாது. ஆகவே கைபேசி இணைந்தவுடன் ஒரு சிறு தூதை வெளியே அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு 5 வெளிவந்த 2014 முதற்கொண்டு, இத்தூது தோற்றால் வைஃபை குறியருகே எச்சரிக்கைக் குறி தோன்றும் வழக்கம் ஏற்பட்டது.

ரயில்வே குடும்பத்தினர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு நிலையத்திலிருந்து வண்டியை விடுவதற்கு முன், ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த நிலையத்திற்கு மணியடித்து ‘லைன் கிளியர்’ கேட்கிறார். அங்கிருந்து உரிய மணி திரும்பி ஒலித்தால்தான் பாதை தெளிவென்று கொள்வார். கைபேசியின் தூதும் இத்தகையதே. கூகுள் நிறுவனத்தின் சர்வர் ஒன்றில் உள்ள, ‘ஜெனரேட்_204’ என்று முடியும் முகவரியை அது அழைக்கிறது. அங்கிருந்து ‘204’ என்னும் எண்ணுடன் வெற்று விடை வரவேண்டும். ‘நீ கேட்டது எம்மை எட்டிற்று, அனுப்புவதற்கு உள்ளடக்கம் ஏதுமில்லை’ என்பதே அவ்வெண்ணின் பொருள்.

வெற்று விடையை ஏன் விரும்புகிறது என்று வாசகர் வினவலாம். அதில்தான் நுட்பம் இருக்கிறது. நம் ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனம் வைஃபை வழங்கி வருகிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய பணி அது. அதில் இணைந்ததும் நேரே உலாவ இயலாது; கைபேசி எண்ணைத் தந்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இட்டபின்னரே வாயில் திறக்கும். நாம் எந்த முகவரியைக் கேட்டாலும் அந்த வாயிற்காப்போன் தன் பக்கத்தையே காட்டுவான். ஆகவே வெற்று விடையை எதிர்பார்த்த கைபேசிக்கு எழுத்து நிறைந்த பக்கமோ, வேறிடத்திற்குத் திருப்பிவிடும் விடையோ வந்தால், ‘இடையில் ஒருவன் நிற்கிறான்’ என்று அது கண்டுகொள்கிறது. உள்நுழையுமாறு நமக்கு அறிவிக்கிறது.

ஆண்ட்ராய்டு 7 முதல் இத்தூது இரண்டாயிற்று. ஒன்று, திறந்த கடிதம் போன்ற எச்.டி.டி.பி. வழியில் செல்வது. மற்றொன்று, முத்திரையிட்ட உறை போன்ற எச்.டி.டி.பி.எஸ். வழியில் செல்வது. பின்னதை இடையில் எவரும் பிரித்துப் படிக்கவோ போலி விடை தரவோ இயலாது. திறந்த கடிதத்துக்கு விடை வந்தும் முத்திரைக் கடிதத்துக்கு விடை வராவிட்டால், கைபேசி ஐயங்கொள்கிறது. ஆண்ட்ராய்டு 10 வந்தபின், இத்தகைய அரைகுறை நிலையை ‘வரம்புக்குட்பட்ட இணைப்பு’ என்று தனியே கூறும் வழக்கம் உண்டாயிற்று. அதற்கு முந்திய பதிப்புகளோ ‘இணையம் இல்லை’ என்று ஒரேயடியாகச் சாதித்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். ‘இணையம் இல்லை’ என்று கைபேசி கூறும்போது, அதன் மெய்ப்பொருள், ‘நான் அனுப்பிய தூதுக்கு நான் எதிர்பார்த்த விடை வரவில்லை’ என்பது மட்டுமே. தூது செல்லாமைக்குப் பாதை அறுந்தது காரணமாகலாம். பாதை நன்றாயிருக்க, தூதனுக்கு நேர்ந்த இடையூறும் காரணமாகலாம்.

பொய் எச்சரிக்கையின் காரணங்கள்

முதற் காரணம் நாள்காட்டி. முத்திரைக் கடிதத்தின் உண்மையை உறுதி செய்வது சான்றிதழ். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பெட்டியில் கிடந்த பழைய கைபேசியின் பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால், அதன் கடிகாரம் 1970-ஆம் ஆண்டுக்கே சென்றுவிடுவது உண்டு. சிம் அட்டை இல்லாமலும், ‘தானியங்கி நேரம்’ அணைக்கப்பட்டும் இருந்தால் அது தானே திருந்தாது. 1970-இல் வாழும் கருவிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறவாதவை. ஆகவே எதையும் ஏற்க மறுக்கும்.

இரண்டாவது, சான்றிதழ் வழங்கும் மூலவரைக் கருவி அறியாமை. ஒவ்வோர் இயங்குதளத்திலும், தான் நம்பும் சான்றளிப்போரின் பட்டியல் ஒன்று பதிந்திருக்கும். இயங்குதளம் புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலும் புதுப்பிக்கப்படுவதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு உலகெங்கும் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்குவது. அது சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாயிற்று. அதன் புதிய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்திய பதிப்புகள் அறியா. அவற்றின் நலங்கருதிச் செய்யப்பட்ட இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. ஆகையால் அத்தகைய கருவிகளில் ஒரு தளம் திறக்கும், மற்றொன்று திறவாது. தூது செல்லும் சர்வர் இவ்வகைச் சான்றிதழ் உடையதாயின், எச்சரிக்கையும் எழும்.

மூன்றாவது, தூது செல்லும் முகவரியே எட்டாமற் போதல். சில இயங்குதளங்கள் கூகுளைச் சாரக்கூடாது என்னும் கொள்கையால், தமக்கென வேறு சர்வரை அமைத்துக்கொள்கின்றன. அது மூடப்பட்டாலோ, பெயர் மாறினாலோ, பழைய பதிப்பு ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சீனாவில் கூகுளின் தளங்கள் தடை செய்யப்பட்டிருத்தலால், கூகுளையே நாடும் கருவிகள் அங்கே நல்ல இணையத்திலும் எச்சரிக்கைக் குறி காட்டுவதை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

நான்காவது, நாமே வைத்த தடை. கஸ்டம் ரோம் ஏற்றும் இளைஞர்கள் விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்அவே போன்ற செயலிகளையும், எந்தச் செயலி வெளியே செல்லலாம் என்று கட்டுப்படுத்தும் ஏஎஃப்வால் போன்ற காவற்செயலிகளையும் உடன் வைப்பது வழக்கம். விளம்பரத் தடைப் பட்டியலில் தூதின் முகவரியும் சேர்ந்துவிட்டால், அல்லது காவற்செயலி இயங்குதளத்தையே வெளியே விடாவிட்டால், செயலிகள் எல்லாம் நன்றாக ஓட, எச்சரிக்கை மட்டும் நிலைத்து நிற்கும். முற்றிலும் பொய்யான எச்சரிக்கை என்பது பெரும்பாலும் இதுவே.

ஐந்தாவது, ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்னும் அமைப்பு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதே டிஎன்எஸ். அதனை மறைகாப்போடு செய்யும் வசதி 2018-இல் ஆண்ட்ராய்டு 9-இல் வந்தது. அதில் ஒரு குறிப்பிட்ட சர்வரின் பெயரை எழுதி வைத்திருந்து, அந்தச் சர்வர் பிற்பாடு நின்றுபோனால், எப்பெயரையும் கருவி அறியாது. இங்கே எச்சரிக்கை பாதி மெய், பாதி பொய். பாதை சரி, வழிகாட்டிப் பலகை இல்லை.

ஓர் இல்லத்தில் நடந்தது

நம் குடியிருப்பில் ஓர் அன்பர் இல்லத்தில் நடந்ததை இவ்விடத்தில் கூறுதல் பொருந்தும். மகன் தன் பழைய கைபேசியில் லினியேஜ் ஏற்றி, விளம்பரத் தடையும் வைத்து, அதைத் தாயாரிடம் தந்துவிட்டு வேலைக்காக வேற்றூர் சென்றான். இரண்டாண்டுகள் குறையின்றி நடந்தது. பிறகு ஒரு நாள் ஆச்சரியக்குறி தோன்றிற்று. அம்மையார் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அன்று முதல் சிம் அட்டையின் அன்றாட டேட்டா நண்பகலுக்குள் தீரத் தொடங்கியது. மாலையில் ஊரிலுள்ள தம் மூத்த சகோதரியுடன் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் நின்றது. ‘என் மேல் என்னம்மா கோபம்?’ என்று நோயுற்றிருந்த அக்காள் கேட்டனுப்பும் அளவிற்குச் சென்றது!

இணைய நிறுவனத்து ஆள் வந்து, ‘எங்கள் பக்கம் குறையில்லை’ என்றார். கடைக்காரர், ‘கருவி பழசு, புதிது வாங்குங்கள்’ என்றார். இருவரும் தீர விசாரிக்கவில்லை. நடந்தது என்னவெனில், விளம்பரத் தடைப் பட்டியல் தானே புதுப்பித்துக்கொண்டபோது தூதின் முகவரியும் அதில் அகப்பட்டுக்கொண்டது. வைஃபையில் இணையம் இல்லை என்று கருவி முடிவு கட்டிற்று. ஆகவே பணங்கட்டி வைத்திருக்கும் வைஃபையைப் புறக்கணித்து, மொபைல் டேட்டாவையே செலவழித்து வந்தது. பட்டியலிலிருந்து அந்த ஒரு முகவரியை விலக்கியதும் குறி மறைந்தது. செலவு ஒரு காசும் இல்லை. பொய் எச்சரிக்கை வெறும் கண்ணுறுத்தல் அன்று, குடும்பத்தின் காசையும் உறவையும் தின்னவல்லது என்பதற்கு இது போதும்.

விசாரிக்கும் முறை

இனி, குறி தோன்றியவுடன் செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்துவோம். வரிசை மாறாமற் செய்தல் நலம். எளியது முதலில், அரியது இறுதியில்.

1. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும், இதுவரை பார்த்திராத இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். முன்பே பார்த்த பக்கம் கருவியின் நினைவிலிருந்து தோன்றி ஏமாற்றக்கூடும். இரண்டும் திறந்தால் எச்சரிக்கை பொய்.

2. திறக்கவில்லையேல், அதே வைஃபையில் வீட்டிலுள்ள மற்றொரு கைபேசியைச் சோதியுங்கள். அதிலும் இல்லையென்றால் எச்சரிக்கை மெய். ரௌட்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்து ஏற்றுங்கள். மாதக் கட்டணம் முடிந்ததா என்றும் பாருங்கள். கைபேசியின் மேல் பழி வேண்டா.

3. தேதி, நேரம், முக்கியமாக ஆண்டு சரியாக உள்ளனவா என்று காணுங்கள். பிழையாயின் கையால் திருத்தி, ‘தானியங்கி நேரம்’ என்பதை இயக்கி வையுங்கள்.

4. ரயில் நிலையம், மருத்துவமனை, விடுதி போன்ற பொது இடமாயின், உள்நுழையும் பக்கம் நிறைவேறாமல் இருக்கலாம். பழைய கருவிகளில் அது தானே தோன்றாமற் போவது உண்டு. அப்போது உலாவியில், முத்திரையில்லாத எச்.டி.டி.பி. முகவரி ஒன்றைத் திறந்தால் வாயிற்பக்கம் வந்து நிற்கும். இதற்கெனவே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்னும் தளம் இருக்கிறது.

5. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ உள்ளதா என்று பாருங்கள். ஏதேனும் பெயர் எழுதியிருந்தால், அதைக் குறித்துவைத்துக்கொண்டு ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

6. உலாவியில் கூகுள் டாட் காம் என்று ஆங்கிலத்தில் எழுதி, சாய்கோடு இட்டு, ‘ஜெனரேட்’, அடிக்கோடு, 204 என்று சேர்த்துத் திறவுங்கள். கனெக்டிவிட்டிசெக் டாட் ஜிஸ்டாட்டிக் டாட் காம் என்னும் முகவரிக்கும் அவ்வாறே செய்யுங்கள். பக்கம் ஏதும் தோன்றாது. பிழைச் செய்தியும் தோன்றலாகாது. அந்த வெறுமையே நற்செய்தி. பிழை வந்தால், விளம்பரத் தடையோ டிஎன்எஸ்ஸோ அம்முகவரியைத் தடுக்கிறது என்று கொள்க. பிழை வராதிருந்தும் குறி நீங்காவிட்டால், உலாவியை விட்டு இயங்குதளத்தைத் தடுக்கும் காவற்செயலியின் மேல் ஐயங்கொள்க. அதில் ஆண்ட்ராய்டு இயங்குதளத்திற்கு அனுமதி தருக.

7. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் விமானப் பயன்முறையை ஒருமுறை இயக்கி அணையுங்கள். அப்போதுதான் கருவி புதிதாகத் தூது அனுப்பும். வேண்டுமாயின் அந்த வைஃபையை ‘மறக்கச்’ செய்து, கடவுச்சொல்லை இட்டு மீண்டும் இணையுங்கள். ‘இணையம் இல்லை, எனினும் இணைந்திருக்கலாமா?’ என்று கருவி கேட்டால், வீட்டு வைஃபைக்கு மட்டும் ‘ஆம்’ என்று சொல்லலாம்.

இவ்வேழும் செய்தும் பயனில்லையெனில், தூதின் முகவரியே பழுதென்று கொள்ளலாம். கணினி அறிந்த இளைஞர் ஒருவரின் உதவி இங்கே தேவை. கைபேசியைக் கணினியோடு இணைத்து, ஏடிபி என்னும் கட்டளைக் கருவியைக் கொண்டு, ‘கேப்டிவ் போர்ட்டல் எச்டிடிபி யூஆர்எல்’, ‘கேப்டிவ் போர்ட்டல் எச்டிடிபிஎஸ் யூஆர்எல்’ என்னும் இரு அமைப்புகளில் உயிரோடுள்ள முகவரிகளை எழுதலாம். ஆண்ட்ராய்டு 7.1-க்குப் பிற்பட்ட பல கருவிகள் இதனை ஏற்கும்.

எச்சரிக்கையை ஒழித்துவிடலாமா?

‘கேப்டிவ் போர்ட்டல் மோட்’ என்றொரு அமைப்பும் இருக்கிறது. அதன் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் கைபேசி தூது அனுப்புவதையே நிறுத்திவிடும்; எச்சரிக்கை என்றென்றும் எழாது. சிலர் இதையே முதல் மருந்தாகப் பரிந்துரைக்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம்.

பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்துவிட்டால், கை தானாகவே கிடைமட்டத்திற்கு வந்து ‘நில்’ என்று காட்டும்படி அமைத்திருந்தார்கள். பாதையில் ஆபத்து இல்லாதபோதும் வண்டி நிற்கும், நேரம் வீணாகும். ஆனால் ஐயம் எழுந்தால் நிற்பதே நன்று என்பது அவ்வமைப்பின் கொள்கை. கை பொய் காட்டிற்று என்று எவரும் மரத்தை வெட்டிவிடுவதில்லை. பாதையை உறுதி செய்துகொண்டு, எழுத்து மூலம் அனுமதி தந்து வண்டியை விடுகிறார்கள். பிறகு கம்பியைச் சீர்செய்கிறார்கள்.

கைபேசியின் எச்சரிக்கையும் அதுபோன்றதே. தூதை நிறுத்திவிட்டால், ரயில் நிலையத்தில் உள்நுழையும் பக்கம் தானே தோன்றாது. வீட்டு இணையம் மெய்யாகவே அறுந்த நாளில், கருவி மொபைல் டேட்டாவுக்கு மாறாமல் செத்த வைஃபையையே பற்றிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் ஊரிலிருந்து வரவேண்டிய அவசரச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேராமல் தங்கிவிடும். ஆகவே காரணத்தைக் களைதல் வேண்டும்; குறியைக் களைதல் கடைசி வழி. வீட்டை விட்டு வெளியே செல்லாத, ஒரே வைஃபையில் இயங்கும் கருவிக்கு மட்டுமே அது தகும்.

பொய்யாகாத ஓர் எச்சரிக்கை

நிற்க. ஆச்சரியக்குறி மறைந்ததும் கருவி முற்றும் நலமென்று மகிழ்ந்துவிடலாகாது. இயங்குதளம் பழையது என்பதே ஓர் எச்சரிக்கை, அது பொய்யாவதில்லை. செட்டிங்ஸில் கைபேசியைப் பற்றிய பகுதியில் ‘பாதுகாப்புப் புதுப்பிப்பு’ என்று ஒரு தேதி இருக்கும். அத்தேதிக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எவையும் அக்கருவியில் அடைக்கப்படவில்லை என்பது பொருள். தேதி ஓராண்டுக்கு மேற்பட்டதாயின், அதில் வங்கிக் கணக்கையும் பணம் அனுப்பும் செயலிகளையும் வைத்தல் தகாது. கஸ்டம் ரோம் உள்ள கருவிகளில் வங்கிச் செயலிகள் பல இயங்கவே மறுப்பதும் உண்டு. அதனை ஏமாற்றி இயக்க முயல்வது தன் வீட்டுத் தாழ்ப்பாளைத் தானே கழற்றுவது போலாகும்.

அதற்காகக் கருவியை எறிய வேண்டுவதில்லை. பாட்டுக் கேட்கவும், குழந்தைகள் படிக்கவும், உறவினரோடு முகம் பார்த்துப் பேசவும் அது இன்னும் பல்லாண்டு பயன்படலாம். இயங்குதளத்தைப் புதுப்பிக்க விரும்புவோர், தம் கைபேசி மாதிரிக்கு இன்னும் பதிப்பு வெளிவருகிறதா என்பதை அவ்வியங்குதளத்தாரின் சொந்தத் தளத்திலேயே காண்க. வழியில் கிடைக்கும் கோப்புகளை ஏற்றற்க. ஏற்றுமுன் புகைப்படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. பல வேளைகளில் பழைய பதிவுகள் யாவும் அழிந்துவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, பெட்டியில் உள்ள பணம், சாவி, டிக்கெட்டுகளின் எண் யாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டே ஒப்படைக்கிறார்கள். தாயாரிடம் பழைய கைபேசியைத் தந்து செல்லும் மகனும் மகளும் அதுபோல் ஒரு சிறு தாள் எழுதட்டும்: இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், ஏற்றிய தேதி, வைத்த விளம்பரத் தடை, காவற்செயலி, எழுதிய டிஎன்எஸ் பெயர், அவற்றை அணைக்கும் வழி. ஐந்தாறு வரிகள் போதும். தமிழில் எழுதி, கைபேசியின் உறைக்குள் மடித்து வைத்துவிட்டால், ஆயிரம் கல் தொலைவில் அவர்கள் இருக்கும்போது, ஆச்சரியக்குறியைக் கண்டு அஞ்சி நிற்கும் அன்னையார்க்கு அத்தாளே துணையாகும்.